பானெட்டில் கல்லடி: பெயின்ட்டை நாமே சரிபண்ணலாமா?

ஹைவேயில லாரி டயர்ல இருந்து தெறிச்ச கல்லு. பானெட்ல கடுகளவு பெயின்ட் போயிடுச்சு. அப்படியே விடலாமா? உள்ளே தகரம் தெரிஞ்சா விடாதீங்க. மழை பட்டா துரு பெயின்ட்டுக்கு அடியிலேயே பரவும்.

கடையில 'வெள்ளை'ன்னு மட்டும் கேட்காதீங்க. வெள்ளையிலேயே பல வகை உண்டு. டிரைவர் கதவுப் பக்கமோ பானெட்டுக்கு உள்ளேயோ ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல பெரும்பாலும் கலர் கோட் நம்பர் இருக்கும். ஆனா அது ஃபேக்டரி கலர். உங்க வண்டி வெயில்ல வெளுத்திருக்கலாம். அதனால முதல்ல ஒரு அட்டையில தடவி, நல்லா காயவிட்டு, பகல் வெளிச்சத்துல வண்டியோட ஒட்டி வச்சுப் பாருங்க. ஈரத்துல ஒரு நிறம், காய்ஞ்சா வேற நிறம்.

துருவைத் தேய்ச்சு எடுத்து, கழுவித் துடைச்சு, பிரைமர், கலர், கிளியர் கோட். இதுதான் வரிசை. பல்குத்தும் குச்சி நுனியே போதும். குழியை ஒரே தடவையில நிரப்பாம, மெல்லிசா ரெண்டு மூணு தடவை வைங்க.

உத்துப் பார்த்தா தெரியும்தான். ஆனா துரு பிடிக்காது, அதுதானே முக்கியம்!