பிள்ளை சோறு உண்ண மறுக்கிறதா? முதலில் தேத்தண்ணிப் போத்தலைப் பாருங்கள்!



தோட்டத்து மருந்தகத்தில் நான் அதிகமாகக் கேட்கும் புகார் காய்ச்சலும் அல்ல, இருமலும் அல்ல. "டிரெசர் ஐயா, இந்தப் புள்ள ஒரு வாய் சோறு திங்க மாட்டேங்குது. பசி எடுக்கிற மாதிரி ஒரு டானிக் குடுங்க" என்பதுதான்.

நான் உடனே டானிக் எடுப்பதில்லை. "காலையில எழுந்ததும் பிள்ளை என்ன குடிச்சிச்சு?" என்று கேட்பேன்.

"ஒன்னும் இல்லைங்க, வெறும் தேத்தண்ணிதான்."

"அப்புறம்?"

"ஆயாக் கொட்டகையில ரெண்டு பிஸ்கட்டு, பத்து மணிக்கு ஒரு போத்தல் தேத்தண்ணி. நான் வேலை முடிஞ்சு வந்ததும் அழுதுச்சு, ஒரு கெரோப்போ பாக்கெட்டு வாங்கிக் குடுத்தேன்."

பகல் ஒரு மணிக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்தால் பிள்ளை எப்படி உண்ணும்? அதற்குத்தான் வயிறு நிறைந்துவிட்டதே! ஆனால் நிறைந்தது வயிறுதான். உடம்பு இன்னும் பட்டினிதான்.

போத்தலில் இருப்பது என்ன?

நம் வீடுகளில் தேத்தண்ணிக்கு ஊற்றுவது இனிப்பு டின் பால். இன்று கடையில் கிடைக்கும் பல டின்கள் பால்கூட அல்ல. சர்க்கரையும் செம்பனை எண்ணெயும் கொஞ்சம் பால் சத்தும் கலந்த 'கிரீமர்'. டின்னில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. ஒரு போத்தலுக்கு இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினால் நான்கைந்து தேக்கரண்டிச் சர்க்கரை பிள்ளையின் வயிற்றுக்குள் போகிறது. அது பசியை அடக்கும். சதையையும் இரத்தத்தையும் வளர்க்காது.

இது புதிய எச்சரிக்கை அல்ல. 1939-ஆம் ஆண்டிலேயே டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார் சிங்கப்பூரில் ரோட்டரி சங்கத்தார் முன் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசினார். இனிப்பு டின் பாலைக் கைக்குழந்தைகளுக்கு ஏற்ற உணவென்று விற்பதைக் கண்டித்துத்தான் அந்தத் தலைப்பு. அத்தனை ஆண்டுகள் கடந்தும் இன்னும் நம் பிள்ளைகள் வாயில் அந்தப் போத்தல் இருக்கிறது.

பாலைவிட இன்னொரு விஷயம், தேயிலை. அதிலுள்ள துவர்ப்புச் சத்து, சோற்றிலும் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கிறது. இரும்புச் சத்து இல்லாவிட்டால் நல்ல இரத்தம் ஊறாது. இரத்தம் குறைந்தால் பசி இன்னும் குறையும். பசி குறைந்தால், "சோறு வேண்டாமா, தேத்தண்ணியாவது குடி" என்று மறுபடியும் போத்தல் வரும். செக்குமாடு போலச் சுற்றிச் சுற்றி அதே இடம்தான்!

சோம்பேறி என்று அடி வாங்கிய பிள்ளை

ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியை அவள் தகப்பனார் என்னிடம் அழைத்து வந்தார். வகுப்பில் தூங்குகிறாள் என்று பள்ளியிலிருந்து புகார். எழுத்து மண்டையில் ஏறவில்லை. வீட்டில் கூப்பிட்ட குரலுக்கு எழுவதில்லை. "சோம்பேறி ஐயா இது. ரோத்தானுக்கும் அடங்கல" என்றார்.

அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பாக இருக்கவேண்டிய இடம் வெளுத்துக் கிடந்தது. "அரிசி தின்பாளா?" என்று கேட்டேன். பச்சரிசியும் கரியும் தின்கிறாள் என்றார். அரசாங்கக் கிளினிக்குக்கு அனுப்பினேன். இரத்த அளவு 8.2 வந்தது. அந்த வயதுக்கு 11.5-க்குக் குறையக் கூடாது.

நாளைக்கு நாலு முறை தேத்தண்ணி, வாரத்தில் ஒரு நாள் மீன். வயிற்றில் பூச்சி வேறு. பூச்சி மருந்து, மூன்று மாதம் இரும்புச் சத்து மருந்து, தேத்தண்ணிக்குத் தடை. நான்காம் மாதம் அவளே மருந்தகத்துக்கு ஓடி வந்து, பந்தயத்தில் இரண்டாவதாக வந்த செய்தியைச் சொன்னாள். தகப்பனார் மட்டும், "தெரியாம அடிச்சிட்டேனே ஐயா" என்று தலை குனிந்து நின்றார். பெற்றோர்களே, பிள்ளையை மக்கு, சோம்பேறி என்று ஏசும் முன் அதன் இமையைப் பாருங்கள்.

ஒரு வயதுக்குப் பிறகு பசி குறைவது இயல்பு

எல்லாப் பிள்ளைக்கும் நோய் என்று பயப்படவும் வேண்டாம். மூன்று கிலோவில் பிறந்த குழந்தை முதல் ஆண்டு முடிவில் சுமார் ஒன்பது கிலோ ஆகிறது. அதாவது ஆறு கிலோ கூடுகிறது. இரண்டாம் ஆண்டில் கூடுவதோ இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறையும். இதைத் தெரியாமல்தான் தாய்மார்கள் கலங்கிப்போய்ப் போத்தலைத் தேடுகிறார்கள். கிளினிக்கில் கொடுத்த குழந்தை நலப் புத்தகத்தில் எடைக் கோடு ஏறிக்கொண்டே வந்தால் பிள்ளை போதுமான அளவு உண்கிறது என்றுதான் பொருள்.

என்ன செய்ய வேண்டும்?

1. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அதன்பின் கஞ்சி, மசித்த சோறு, மீன், பருப்பு, கீரை ஆகியவற்றோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம். டின் பால் கைக்குழந்தைக்கு ஆகவே ஆகாது.

2. சின்னப் பிள்ளைக்குத் தேத்தண்ணியும் காப்பியும் வேண்டாம். தாகத்துக்கு ஆறவைத்த சுடுதண்ணீர் போதும். ஒரு வயதுக்கு மேல் சர்க்கரை இல்லாத பால் நாளைக்கு இரண்டு கோப்பை போதும். அதிகமானால் அதுவும் சோற்றுப் பசியைக் கெடுக்கும்.

3. ஒரே நாளில் நிறுத்தினால் பிள்ளை வீட்டை இரண்டாக்கும். இந்த வாரம் ஒரு வேளைப் போத்தலை நிறுத்துங்கள். அடுத்த வாரம் இன்னொன்று. படுக்கையில் வைக்கும் போத்தலை முதலில் எடுங்கள். முன்பற்கள் கருத்துச் சொத்தையாவது அதனால்தான்.

4. காலை நாலரை மணிக்கு எழுந்து பெரட்டுக்கு ஓடும் தாய், பசியாற எதைச் சமைப்பாள்? எனக்கும் தெரியும். ஆகவே இரவே இரண்டு முட்டை அவித்து வையுங்கள். வாழைப்பழம் ஒன்று. இரவில் குளிர்பெட்டியில் வைத்த சோற்றைக் காலையில் நன்றாகச் சுடவைத்து, வறுத்த நெத்திலியோடு ஆயாவிடம் கொடுத்துவிடுங்கள். தேத்தண்ணியைவிட இது பத்து மடங்கு மேல்.

5. முருங்கைக் கீரை, பயறு, பருப்பு, மீன், முட்டை எல்லாம் தோட்டத்தில் கிடைப்பவைதான். வாரத்துக்கு ஒருமுறை கோழி ஈரல் நல்லது. கீரையில் எலுமிச்சம்பழம் பிழியுங்கள். சோற்றுக்குப் பின் ஒரு துண்டு கொய்யாப்பழம் கொடுங்கள். இரும்புச் சத்து உடம்பில் சேர அவை உதவும்.

6. என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு உண்பது என்பதைப் பிள்ளையிடம் விடுங்கள். கொஞ்சமாகப் போடுங்கள்; கேட்டால் மறுபடி போடுங்கள். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். அடுத்த வேளை வரை கெரோப்போவும் மிட்டாயும் கிடையாது.

7. ரோத்தானைக் காட்டியோ, கைப்பேசியில் படம் காட்டியோ ஊட்டாதீர்கள். அடிபட்டு உண்ணும் பிள்ளை சோற்றையே வெறுக்கும். படம் பார்த்து விழுங்கும் பிள்ளைக்கு வயிறு நிறைந்ததே தெரியாது. இன்னொன்று: "சாப்பிடாட்டி டிரெசர் ஊசி போடுவார்" என்றும் சொல்லாதீர்கள். உண்மையாகவே தடுப்பூசி போடும் நாளில் பிள்ளை என்னைக் கண்டு லயமே அதிரக் கத்துகிறது!

8. வெளியே போகும்போது சிலிப்பர் போடப் பழக்குங்கள். உணவுக்கு முன்னும் கக்கூஸ் போய் வந்த பின்னும் சவுக்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். பூச்சி மருந்தைக் கிளினிக்கில் கேட்டு, வயதுக்கு ஏற்ற அளவில் கொடுங்கள்.

உடனே காட்ட வேண்டியவை

எடை கூடாமல் இரண்டு மாதம் நின்றாலோ, குறைந்தாலோ, இமையும் நாக்கும் வெளுத்தாலோ, மண், கரி, பச்சரிசி தின்றாலோ, கால் வீங்கினாலோ, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ காத்திருக்காதீர்கள். இரத்தக் குறைவுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆகவே சோதித்த பிறகே இரும்பு மருந்து. கர்ப்பிணித் தாய்க்குக் கொடுக்கும் இரும்பு மாத்திரையைப் பிள்ளை எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். மிட்டாய் என்று நினைத்துப் பல மாத்திரைகளை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

சங்கத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை

இது தாயின் தலையில் மட்டும் கட்டும் வேலை அல்ல. ஆயாக் கொட்டகையில் பத்து மணிக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். தேத்தண்ணிக்குப் பதிலாகப் பயற்றங்கஞ்சி காய்ச்ச முடியுமா என்று கிளைக் கூட்டத்தில் பேசுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆர்.எம்.டி. உணவுத் திட்டம் இருக்கிறது; தகுதி உண்டா என்று தலைமையாசிரியரைக் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

அடுத்த முறை என்னிடம் டானிக் கேட்க வரும்போது, பிள்ளை நேற்று முழுக்க எதைத் தின்றது, எதைக் குடித்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். பல வேளைகளில் மருந்து அந்தத் தாளிலேயே இருக்கும்.