சாலமன் தீவுகள்: மரத்தோடு விலைபோகும் சிறுமிகள்

பசிபிக் பெருங்கடலில் ஏறத்தாழ 900 தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் ஏழை நாடு சாலமன் தீவுகள். 2017இல் மட்டும் அங்கிருந்து 30 லட்சம் கன மீட்டருக்கு மேல் மரம் கப்பலேறியது. காடு தாங்கக்கூடிய அளவைப் போல இது 19 மடங்கு என்று குளோபல் விட்னஸ் அமைப்பு 2018இல் கணக்கிட்டது. பெரும்பகுதி சீனாவுக்குச் சென்றது. மரவெட்டு முகாம்களை ஒட்டிய ஊர்களில் சிறுமிகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளாவதை மெலனீசியத் திருச்சபையின் ஆய்வு 2007இல் மகிரா தீவிலிருந்து வெளிக்கொண்டு வந்தது. இவற்றைச் சூழல் குற்றம், பாலியல் குற்றம் என்று பிரித்துப் பார்க்கிறோம். உண்மையில் இரண்டும் முளைப்பது ஒரே ஒப்பந்தத்தில்தான்.

நாட்டின் நிலத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் குலங்களுக்குப் பொதுவானது. வெட்ட வரும் நிறுவனம் குலத்தாரின் சம்மதம் பெற வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் சில ஆண்களின் கையெழுத்தே போதுமானதாகிவிடுகிறது. மகிரா, குவாடல்கனல் போன்ற தீவுகளில் நில உரிமை தாய்வழியில் வந்தாலும் பேச்சுவார்த்தையில் பெண்களுக்கு இடமில்லை. உரிமத்தொகை அந்தச் சிலரோடு நின்றுவிட, மற்ற வீடுகளுக்கு மிஞ்சுவது கலங்கிய ஓடையும் குறைந்த மீனும்தான். பக்கத்திலேயே, குடும்பத்தைப் பிரிந்து வந்த வெளிநாட்டு ஆண்கள் கையில் ரொக்கத்தோடு மாதக்கணக்கில் தங்குகிறார்கள். காசும் பொருளும் காட்டிச் சிறுமிகளை அழைப்பதும், வறுமையில் பெற்றோரே இசைவதும் அங்கே தொடங்குகின்றன.

மரம்தானே அரசுக்கு வருவாய், ஊருக்குச் சாலை, இளைஞருக்கு வேலை என்பார்கள். வருவாய் உண்மைதான். ஆனால் மரம் தீர்ந்ததும் முகாம் கலையும், வேலை போகும், பராமரிக்க ஆளில்லாத சாலையைப் புதர் மூடும். பெண்ணுக்குப் பரிசம் கொடுப்பது அவர்கள் மரபு என்பது இன்னொரு வாதம். பரிசம் இரண்டு குடும்பங்களை நெடுங்காலக் கடமையால் பிணைப்பது. ஒப்பந்தம் முடிந்ததும் பெண்ணையும் பிள்ளையையும் கைவிட்டுப் போகிறவன் கொடுத்தது வெறும் விலை. 2016இல் திருத்திய தண்டனைச் சட்டம் சிறார் பாலியல் வணிகத்தைக் குற்றமாக்கிவிட்டதே என்றும் கேட்கலாம். படகில் மட்டுமே போய்ச்சேரக்கூடிய கரைகளில், புகாரைக் கேட்கக் காவலர் இல்லாதவரை அந்தச் சட்டம் தாளில்தான் இருக்கும்.

ஆகவே திருத்தம் கையெழுத்திடும் இடத்திலேயே தொடங்க வேண்டும். பெண்களின் சம்மதம் இல்லாத உரிமம் செல்லக்கூடாது. சிறுமிகளுக்குத் தீங்கு நேர்ந்த முகாமின் உரிமம் பறிக்கப்பட வேண்டும். அந்த மரத்தை வாங்கும் நாடுகள், அது எப்படி வெட்டப்பட்டது என்று கேட்காமல் துறைமுகத்தில் இறக்க விடக்கூடாது.