டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய பாட்டில் வீடு வந்து சேருமா? கனெக்டிங் ஃபிளைட் பயணிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

"ஊருக்கு வரும்போது ஒரு ஃபாரின் பாட்டில் வாங்கிட்டு வாங்க மாமா!"

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு லீவு நெருங்கும்போது இப்படி ஒரு மெசேஜ் வராமல் இருக்காது. ஏர்போர்ட் டியூட்டி ஃப்ரீயில் வாங்கினால் வரி இல்லை, விலையும் குறைவு. நேரடி ஃபிளைட் என்றால் பெரிய சிக்கல் இல்லை. ஆனால் நடுவில் ஒரு ஊரில் இறங்கி இன்னொரு விமானம் ஏற வேண்டுமென்றால்? பில் கட்டி, சீல் போட்டு வாங்கிய பாட்டில், அடுத்த ஏர்போர்ட்டின் செக்யூரிட்டி கவுன்டரிலேயே பறிபோகலாம். பணமும் திரும்பி வராது.

ஏன் இப்படி நடக்கிறது? எப்படித் தவிர்ப்பது?

சிக்கல் எங்கே தொடங்குகிறது?

2006 ஆகஸ்ட்டில், லண்டனிலிருந்து அட்லான்டிக் கடலைக் கடக்கும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கப் போட்ட சதி முறியடிக்கப்பட்டது. அதன் பிறகுதான் கைப்பையில் எடுத்துச் செல்லும் திரவங்களுக்கு உலகம் முழுக்கக் கட்டுப்பாடு வந்தது. ஒரு பாட்டிலில் 100 மி.லி.க்கு மேல் இருக்கக் கூடாது என்பது அந்த விதி. தண்ணீர், ஷாம்பூ, விஸ்கி எல்லாமே இதில் ஒன்றுதான்.

டியூட்டி ஃப்ரீ கடை, செக்யூரிட்டி சோதனையைத் தாண்டிய பிறகு வரும். அதனால் அங்கே 1 லிட்டர் பாட்டில் வாங்கிக்கொண்டு விமானம் ஏறலாம். ஆனால் பல இணைப்பு ஏர்போர்ட்டுகளில், அடுத்த விமானத்துக்குப் போகும் முன் மறுபடி ஒரு செக்யூரிட்டி சோதனை உண்டு. அங்கே அந்த பாட்டில் வெறும் "100 மி.லி.க்கு மேற்பட்ட திரவம்"தான்.

"அப்போ செக்-இன் பெட்டிக்குள்ள வெச்சிடலாமே?" என்று கேட்கலாம். முடியாது. முதல் ஊரில் போட்ட பெட்டி நேராகக் கடைசி ஊருக்கு டேக் ஆகியிருக்கும். நடுவில் அது உங்கள் கைக்கு வராது. கையில் பாட்டில் இருக்கும். வைக்கப் பெட்டி இருக்காது.

சீல் போட்ட பை எதற்கு?

இதற்குத் தீர்வாகத்தான், பிரித்தால் தெரிந்துவிடும் வகையில் சீல் வைத்த ஒரு பிளாஸ்டிக் பை பயன்பாட்டில் இருக்கிறது. சிவப்பு ஓரம் போட்ட, உள்ளே இருப்பது வெளியே தெரியும் பை. பாட்டிலோடு பில்லையும் வெளியே தெரியும்படி வைத்து, கடை ஊழியரே சீல் வைத்துத் தருவார். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த முறை இது.

கடையில் போர்டிங் பாஸ் கேட்பார்கள் அல்லவா? அப்போதே "எனக்கு கனெக்டிங் ஃபிளைட் இருக்கு" என்று சொல்லிவிடுங்கள். சாதாரணக் கேரி பேக்கில் போட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

இந்தப் பை வேலை செய்ய மூன்று விஷயங்கள் முக்கியம்:

• கடைசி ஊர் வரை சீலைப் பிரிக்கக் கூடாது. "சும்மா லேபிளைப் பார்க்கலாம்னு" பிரித்தாலும் கதை முடிந்தது.

• பில் பைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

• நேரம். உதாரணமாக, வெளிநாட்டிலிருந்து அமெரிக்காவுக்குள் வந்து இன்னொரு விமானம் ஏறுபவர்கள், கடந்த 48 மணி நேரத்துக்குள் வாங்கியதாக இருந்தால்தான் அங்குள்ள பாதுகாப்பு அமைப்பு ஏற்கும். அதையும் ஸ்கேன் செய்து, சந்தேகம் வந்தால் அனுமதிக்க மாட்டார்கள்.

அதாவது, சீல் போட்ட பை ஒரு வாய்ப்பு மட்டுமே, உத்தரவாதம் அல்ல. கடைசி முடிவு அந்த ஏர்போர்ட்டின் செக்யூரிட்டி கையில்தான் இருக்கிறது. பிரிட்டனில் சில ஏர்போர்ட்டுகளில் புதிய ஸ்கேனர்கள் வந்து 100 மி.லி. விதி தளர்ந்திருக்கிறது. ஆனால் அடுத்த ஏர்போர்ட்டில் பழைய விதியே இருந்தால், இங்கே கிடைத்த சலுகை அங்கே செல்லாது.

துபாய் – சென்னை – தூத்துக்குடி: ஓர் உதாரணம்

துபாயில் பாட்டில் வாங்கிக்கொண்டு சென்னை வந்து, அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் தூத்துக்குடி போகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சென்னை வரை பிரச்னை இல்லை. சென்னையில் இமிகிரேஷன் முடிந்ததும் பெட்டி கைக்கு வரும். கஸ்டம்ஸைத் தாண்ட வேண்டும். பிறகு உள்நாட்டு விமானத்துக்குப் பெட்டியை மறுபடி போட வேண்டும்.

இந்த இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பெட்டியை மட்டும் போட்டுவிட்டு, பாட்டிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு உள்நாட்டு செக்யூரிட்டிக்குப் போய் நிற்கிறார்கள். சீல் இருக்கிறது என்று நம்பி ரிஸ்க் எடுப்பதைவிட, பெட்டியை ஒப்படைக்கும் முன்பே பாட்டிலைத் துணியில் நன்றாகச் சுற்றி உள்ளே வைத்துவிடுவதே நிம்மதி.

அமெரிக்காவிலும் இதே கதைதான். நாட்டுக்குள் நுழையும் முதல் ஏர்போர்ட்டில் பொதுவாகப் பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் முடித்து, மறுபடி போட வேண்டும். அந்த இடைவெளியில் பாட்டிலைப் பெட்டிக்குள் தள்ளிவிடலாம்.

பெட்டிக்குள் எவ்வளவு வைக்கலாம்?

இது ஆல்கஹால் அளவைப் பொறுத்தது. 24 சதவீதம் வரை உள்ள பீர், ஒயின் போன்றவற்றுக்கு விமானப் பாதுகாப்பு விதிப்படி அளவுக் கட்டுப்பாடு இல்லை. 24-க்கு மேல் 70 சதவீதம் வரை என்றால், கடையில் வந்த சீல் பிரிக்காத பாட்டிலாக, ஒருவருக்கு 5 லிட்டர். விஸ்கி, பிராந்தி, ரம், வோட்கா பெரும்பாலும் இந்தப் பிரிவில்தான் வரும். 70 சதவீதத்துக்கு மேல் என்றால் கையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது.

5 லிட்டர் என்றால் வரி இல்லையா?

இங்கேதான் குழப்பம். 5 லிட்டர் என்பது விமானத்தின் விதி. கஸ்டம்ஸ் விதி வேறு. இந்தியாவுக்குள் வரி இல்லாமல் கொண்டுவர முடிவது ஒருவருக்கு 2 லிட்டர் மட்டுமே.

டியூட்டி ஃப்ரீயில் பெரும்பாலும் 1 லிட்டர் பாட்டில் கிடைக்கும். இரண்டு வாங்கினால் கணக்கு சரி. வெளிக்கடையில் 750 மி.லி. பாட்டில் மூன்று வாங்கினால் 2.25 லிட்டர், வரம்பு தாண்டிவிட்டது.

தாண்டினால் ரெட் சேனலில் போய்ச் சொல்லி வரி கட்ட வேண்டும். சொல்லாமல் கிரீன் சேனலில் நடந்தால், 1962-ம் ஆண்டு சுங்கச் சட்டப்படி பறிமுதல், அபராதம் என்று போகும். பாட்டில் விலை மிச்சம் பிடிக்கப் போய், கைக்காசு போகும்.

மாநில எல்லையும் முக்கியம்

கஸ்டம்ஸ் விட்டுவிட்டால் எங்கும் கொண்டுபோகலாம் என்று அர்த்தமில்லை. குஜராத்திலும் பீகாரிலும் மதுவிலக்கு அமலில் இருக்கிறது. பீகாரில் 2016 முதல் முழு மதுவிலக்கு. டெல்லியில் கஸ்டம்ஸ் முடித்து பாட்னா விமானம் ஏறுபவருக்கு, டியூட்டி ஃப்ரீ பில் பாதுகாப்பு தராது.

வளைகுடா வழியாக வருபவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. குவைத்துக்குள் மது கொண்டுசெல்வது சட்டவிரோதம். அங்கே கனெக்‌ஷன் தவறி, ஏர்போர்ட்டை விட்டு ஹோட்டலுக்குப் போக வேண்டிய நிலை வந்தால், கையில் இருக்கும் பாட்டிலே பெரிய தலைவலி.

அப்போ எங்கே வாங்குவது?

பயணம் தொடங்கும் ஏர்போர்ட்டில் வாங்காமல், கடைசி சர்வதேச விமானம் ஏறும் ஏர்போர்ட்டில், அங்குள்ள செக்யூரிட்டி சோதனை முடிந்த பிறகு வாங்குங்கள். சான் பிரான்சிஸ்கோ – லண்டன் – சென்னை என்றால் லண்டனில்.

இன்னும் சுலபம், இறங்கிய பிறகு வாங்குவது. சென்னை உட்பட இந்தியாவின் பெரிய சர்வதேச ஏர்போர்ட்டுகளில், வருகைப் பகுதியிலேயே, கஸ்டம்ஸுக்கு முன்பாக டியூட்டி ஃப்ரீ கடை இருக்கிறது. கண்டம் விட்டுக் கண்டம் தூக்கிச் சுமக்க வேண்டாம். ஆனால் அங்கே வாங்குவதும் அதே 2 லிட்டர் கணக்கில்தான் சேரும்.

வாங்கும் முன் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: "இந்தக் கடைக்கும் என் வீட்டுக்கும் நடுவே இன்னும் எத்தனை செக்யூரிட்டி சோதனை இருக்கு?" பூஜ்யம் என்றால் தாராளமாக வாங்கலாம். ஒன்று இருந்தாலும், அதற்கு முன் பெட்டி உங்கள் கைக்கு வருமா என்று பார்த்துவிட்டு பர்ஸைத் திறங்கள்.