கதாநாயகியாக வந்தார், அம்மாவாக நிலைத்தார்!

பண்டரிபாய் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? நெற்றி நிறையப் பொட்டு, இழுத்துப் போர்த்திய புடவைத் தலைப்பு, கண்ணில் முட்டி நிற்கும் தண்ணீர். "அடடே, சிவாஜிக்கு அம்மாவா வருவாங்களே!" என்பீர்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் அவர் நடித்த நாலு படங்களின் பெயரைச் சொல்லிவிடுவார். ஆனால், அதே சிவாஜிக்கு முதல் ஜோடியே அவர்தான் என்பது இன்றைய இளம் பெண்கள் பலருக்குத் தெரியாது.

கர்நாடகத்துப் பட்கல்லில் பிறந்து, ஹரிகதை, நாடகம் என்று வளர்ந்தவர் பண்டரிபாய். 1943-ல் 'வாணி' என்ற கன்னடப் படத்தில் திரைக்கு வந்தார். 1952-ல் 'பராசக்தி'. சிவாஜிக்கு அது முதல் படம். அதில் நாயகனின் எண்ணத்தையே மாற்றும் விமலாவாக வந்தார். 1954-ல் கன்னடத்தில் 'பேடர கண்ணப்பா'. ராஜ்குமார் கதாநாயகனாக அறிமுகமான அந்தப் படத்திலும் இவர்தான் நாயகி. இரண்டு மாநிலத்து உச்ச நட்சத்திரங்களுக்கும் ராசியான கை என்று சொல்லலாமா!

அதே 1954-ல்தான் எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்'. பாட்டே இல்லாத படம். நாட்டைக் காட்டிக் கொடுக்கும் கணவனை எதிர்த்து நிற்கிறாள் மனைவி. கடைசியில் அவள் கைத் துப்பாக்கிக்கே அவன் பலியாகிறான். அந்தக் காலத்தில் அப்படி ஒரு வேஷம் கட்ட எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

பிறகு நடந்ததுதான் யோசிக்க வேண்டிய விஷயம். நாயகர்கள் நாயகர்களாகவே இருந்தார்கள். இவருக்கோ தலையில் நரை தீட்டினார்கள். 1968-ல் 'குடியிருந்த கோயி'லில் எம்.ஜி.ஆருக்கு அம்மா. நிஜத்தில் எம்.ஜி.ஆரை விட இவர் பத்து வயதுக்கு மேல் இளையவர்! 1969-ல் 'தெய்வ மக'னில் சிவாஜிக்கு மூன்று வேஷம். இவர் அப்பா சிவாஜிக்கு மனைவி, இரண்டு பிள்ளை சிவாஜிகளுக்கும் தாய். அப்போது இவருக்கு நாற்பதை ஒட்டிய வயதுதான்.

'வயசாயிடுச்சு, ஓரமா உட்காரு' என்று நம் வீடுகளிலும் பெண்களை ஒதுக்குவது உண்டுதானே? பண்டரிபாய் ஓரத்தில் உட்காரவில்லை. கொடுத்த இடத்தையே தன் இடமாக்கிக் கொண்டார். 1973-ல் வந்த 'கௌரவம்' பாருங்கள். பாரிஸ்டர் கணவன் ஒரு பக்கம், சொந்தப் பிள்ளையாக வளர்த்த கண்ணன் இன்னொரு பக்கம். யார் ஜெயித்தாலும் அவளுக்குத் தோல்விதான். கத்தலும் அழுகையும் இல்லாமல் அந்த வேதனையை முகத்திலேயே காட்டுவார்.

1992-ல் 'மன்னன்' படத்தில் ரஜினிகாந்துக்கு அம்மா. முடியாத தாயைப் பிள்ளை பராமரிக்கும் அந்தப் பாட்டைக் கேட்டு உருகாத வீடு ஏது? நாயகியாக வந்து நாற்பது வருஷம் கழித்தும், இன்னொரு தலைமுறையின் மனதில் அவர் இடம் பிடித்தார்.

2003 ஜனவரி 29-ல் பண்டரிபாய் காலமானார். அம்மா வேஷம் தானே என்று அவரை லேசாக எண்ணிவிடாதீர்கள். ஒரு ஓய்வு நாளில் மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு 'அந்த நாள்' பாருங்கள். அடுத்த வாரம் 'கௌரவம்' போடுங்கள். "இரண்டும் ஒரே ஆளாம்மா?" என்று அவள் கேட்டால், அதுதான் அந்த நடிகைக்கு நாம் தரும் மரியாதை.