டிஸ்ப்ளே வரவில்லையா? கார்டைக் குறை சொல்லும் முன் கரன்ட்டைப் பாருங்கள்

நேற்று இரவு வரை ஒழுங்காக ஓடிய கம்ப்யூட்டர். இன்று பவர் பட்டனை அழுத்தினால் விசிறிகள் சுற்றுகின்றன, விளக்குகள் எரிகின்றன, மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’. பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே கோத்த சிஸ்டம் என்றால் வயிற்றில் புளியைக் கரைக்கும். அந்தப் பெட்டிக்குள் விலை கூடிய பொருள் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுதான். ‘கார்டு போயிடுச்சு’ என்று உடனே முடிவுகட்டி, புது கார்டு விலையைத் தேட ஆரம்பித்துவிடுகிறோம்.

அவசரப்பட வேண்டாம். கார்டு செத்துவிட்டது போலவே காட்டும் கோளாறுகள் பல இருக்கின்றன. அவற்றில் முதலில் சந்தேகிக்க வேண்டியது கார்டை அல்ல, அதற்குச் சோறு போடும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை.

கார்டு செருகப்படும் மதர்போர்டு ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும். மீதியை எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் தனி ஒயர்கள் தர வேண்டும். 6 பின் கனெக்டர் என்றால் 75 வாட், 8 பின் என்றால் 150. விளையாட்டில் ஒரு காட்சி மாறும் கணத்தில் இன்றைய கார்டுகள் தங்கள் கணக்கைத் தாண்டி, மில்லி செகண்டு நேரத்துக்கு ஒரேயடியாக மின்சாரத்தை இழுக்கும். நல்ல எஸ்.எம்.பி.எஸ். அதைத் தாங்கும். ஸ்டிக்கரில் மட்டும் வாட் கூட்டிப் போட்ட மலிவுச் சரக்கு தாங்காது. பிரவுசரும் படமும் சிக்கல் இல்லாமல் ஓடி, கேம் திறந்த சில நிமிடத்தில் திரை இருண்டு சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆனால் முதல் சந்தேகம் அங்கேதான் விழ வேண்டும். கார்டுக்கு நாற்பதாயிரம் செலவழித்தவர்கள் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிப்பதுதான் எனக்குப் புரியாத கணக்கு.

மதுரவாயல் புறவழிச்சாலை ஜி.எஸ்.டி. சாலையில் வந்து சேரும் இரும்புலியூர் போன்ற சென்னைப் புறநகர்ப் பகுதியில் கரன்ட்டைச் சந்தேகிக்கக் கூடுதல் காரணங்கள் உண்டு. வீட்டு இணைப்பில் 230 வோல்ட் வர வேண்டும். 6 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம், அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வரை. கோடை இரவில் தெரு முழுக்க ஏ.சி. ஓடும் நேரத்தில், பிளக் பாயின்ட்டில் மல்டிமீட்டர் வைத்து ஒருமுறை பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ். லேபிளில் இன்புட் 100–240 என்று இருந்தால் லோ வோல்டேஜை ஓரளவு சமாளிக்கும். 200–240 என்று மட்டும் இருந்தால் அந்த இரவுகளில் திணறும். மின்தடை முடிந்து கரன்ட் திரும்பும் கணமும் ஆபத்தானது; தடை வந்ததுமே ஸ்விட்ச்சை அணைத்துவிடுவது நல்லது.

யு.பி.எஸ். இருக்கிறதே என்று நிம்மதி அடையவும் முடியாது. வீடுகளில் சாதாரணமாக இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். தருவது சுமார் 360 வாட்தான். கேம் ஓடும்போது கரன்ட் போனால் அதுவே டிரிப் ஆகிவிடும். கேபினட்டை வெறுங்காலோடு தொட்டால் சுரீரென்று இழுக்கிறதா? எர்த்திங் சரியில்லை. எலக்ட்ரீஷியனை அழைத்துச் சரிசெய்யாமல் எந்தப் பாகத்தை மாற்றியும் பயனில்லை.

இனி சோதனை. மானிட்டர் சரியான இன்புட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு கேபிளை மாற்றிப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து, தேங்கிய மின்சாரம் வடிந்த பிறகு கேபினட்டைத் திறக்கலாம். மதர்போர்டில் வி.ஜி.ஏ. என்று எழுதிய சின்ன விளக்கு எரிந்துகொண்டே இருந்தது என்றால் கோளாறு கார்டிலோ, ஸ்லாட்டிலோ, அதற்கு வரும் பவரிலோ இருக்கிறது. ஸ்லாட் முனையில் உள்ள கிளிப்பை அழுத்தி கார்டைக் கழற்றுங்கள். தங்க நிறக் காலில் படிந்த அழுக்கைப் புது ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, ‘டக்’கென்று கிளிப் விழும் வரை மறுபடி அழுத்திச் செருகுங்கள். லாரிப் புழுதி விழும் சாலையோர வீடுகளில் இந்த ஒரு வேலையிலேயே டிஸ்ப்ளே திரும்புவது உண்டு.

வரவில்லையென்றால் கார்டு இல்லாமல், மானிட்டரை மதர்போர்டின் சாக்கெட்டில் மாட்டுங்கள். இங்கே பலர் ஏமாறுவார்கள்: எஃப் என்று பெயர் முடியும் இன்டெல் பிராசஸர்களிலும், ஜி எழுத்து இல்லாத ரைசன் 5000 வரிசையிலும் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. அவற்றில் டிஸ்ப்ளே வராதது கோளாறு அல்ல. அடுத்து, சந்தேகமில்லாத வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸை நண்பரிடம் வாங்கி மாட்டிப் பாருங்கள். ஒயர்களையும் அதனுடையதையே பயன்படுத்துங்கள். மாடுலர் ஒயர்கள் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி பின் அமைப்பு வேறு. மாற்றிச் செருகினால் நன்றாக இருந்த கார்டும் எரியும். எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும்.

டிஸ்ப்ளே வருகிறது, ஆனால் கட்டம் கட்டமாக வண்ணச் சிதறல் தெரிகிறது என்றால் கதை வேறு. பயாஸ் திரையிலும் சிதறல் இருந்தால் கார்டின் மெமரி பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். விண்டோஸுக்குள் போன பிறகுதான் என்றால் டிரைவரை முழுதாக நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டுப் பாருங்கள்.

உலக அளவில் பேசப்பட்ட இரண்டு சம்பவங்களிலும் கோளாறு மின்சாரம் வரும் வழியில்தான் இருந்தது. 2021 ஜூலையில் அமேசானின் நியூ வேர்ல்டு விளையாட்டின் சோதனைப் பதிப்பை ஆடியபோது, இ.வி.ஜி.ஏ. நிறுவனத்தின் ஆர்.டி.எக்ஸ். 3090 கார்டுகள் சில ஒரேயடியாகச் செத்தன. பழி முதலில் விளையாட்டின் மீது விழுந்தது. மின்சாரத்தைச் சீராக்கும் மாஸ்பெட் பகுதியில் சால்டரிங் மோசம் என்று நிறுவனமே பிறகு ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டுகளில், 600 வாட் வரை தாங்க வேண்டிய 16 பின் கனெக்டர்களே உருகின. முழுதாகச் செருகப்படாததே பொதுவான காரணம் என்றது என்விடியா. உங்கள் கார்டில் அந்தக் கனெக்டர் இருந்தால் இடைவெளியே தெரியாமல் உள்ளே போயிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

செத்த கார்டை அவனில் வைத்துச் சூடாக்கினால் உயிர் வரும் என்ற வைத்தியம் இன்னும் உலவுகிறது. வேண்டாம். சில கார்டுகள் விழித்தெழுவது உண்மை. பெரும்பாலும் சில நாளிலோ வாரத்திலோ மறுபடி படுத்துவிடும். சமைக்கும் அவனில் கார்டின் புகை சேரவும் கூடாது.

கார்டுதான் பழுது என்று உறுதியானால் முதலில் வாரன்டியைப் பாருங்கள். அது முடிந்திருந்தால் மட்டும் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போகலாம். ‘சிப் லெவல்’ சர்வீஸ் செய்பவரிடம், மீட்டர் வைத்து எங்கே ஷார்ட் என்று உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். கெப்பாசிட்டரோ மாஸ்பெட்டோ போயிருந்தால் சரிசெய்ய முடியும். நடுவில் உள்ள சிப்பே போயிருந்தால் செலவழிப்பது வீண். பழைய கார்டு வாங்குவதாக இருந்தால், 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் மைனிங் முறை முடிவுக்கு வந்தபின், அதற்காக இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்ததை மறக்காதீர்கள். கடையிலேயே அரைமணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் பணம் தராதீர்கள்.

வாரன்டி இருக்கும்போது ஸ்க்ரூ மேலுள்ள ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள்; சீரியல் நம்பர் ஸ்டிக்கரையும் பில்லையும் போட்டோ எடுத்து வையுங்கள். நியாயமான வாரன்டியை மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதிலும் தீரவில்லையென்றால், தாம்பரம் பகுதியினர் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது.