வி8-க்கு ஜோடி தேடுறோம், சத்தம் போடாதீங்க!

ஷட்டர் பாதிதான் திறந்திருக்கிறது, குனிந்து வாருங்கள். தலை பத்திரம்! மேலே லிஃப்ட்டில் நிற்பது மஸ்டா ஆர்எக்ஸ்-7. 1991 முதல் 2002 வரை தயாரான எஃப்டி மாடல். அமெரிக்காவில் எஞ்சின் மாற்றும் பைத்தியம் முற்றிய எந்த கராஜிலும் இந்தக் காட்சி கிடைக்கும். காரோடு பிறந்த ரோட்டரி எஞ்சின் ஒரு மூலையில் போர்த்திக் கிடக்கிறது. அதன் இடத்துக்கு வரப்போகும் 5.7 லிட்டர் எல்எஸ்1 வி8, சங்கிலியில் ஊஞ்சலாடுகிறது.

எல்லா செல்போனும் அந்த வி8-ஐத்தான் படம் எடுக்கின்றன. நாம் பார்க்க வந்த ஆசாமி பெஞ்சுக்கு அடியில் எண்ணெய் பிசுக்கோடு படுத்திருக்கிறார்: கியர்பாக்ஸ். இந்தக் கார் நாளைக்கு ஓட்டச் சுகமா, சள்ளையா என்று முடிவு செய்யப்போவது இவர்தான்!

"மஸ்டாவின் சொந்த கியர்பாக்ஸையே வைத்தால் என்ன?" என்று கேட்டுவிடாதீர்கள், சிரிப்பார்கள். அமெரிக்காவில் விற்ற எஃப்டியின் ரோட்டரி எஞ்சினுக்கு டார்க் சுமார் 294 நியூட்டன் மீட்டர். கமாரோவிலிருந்து கழற்றிய எல்எஸ்1-க்கு 450-க்கும் மேல். நாலு பேர் சாப்பிடும் டிபன் கேரியரில் கல்யாணப் பந்திச் சாம்பாரை ஊற்றினால் என்ன ஆகும்?

ஆக, களத்தில் இரண்டு வரன்கள். இரண்டுமே ஆறு கியர். ஒன்று, நிஸான் 350இசட் காரில் வந்த சிடி009. முந்தைய பதிப்புகளில் தொல்லை கொடுத்த சின்க்ரோ வளையங்களைத் திருத்தி வெளியிட்டது இது. இன்னொன்று டி56. 1992-ல் டாட்ஜ் வைப்பரோடு அறிமுகமாகி, பிறகு கமாரோ, ஃபயர்பேர்ட் என்று குடியேறியது.

இனி பொருத்தம்! சாக்பீஸ் எடுத்துத் தரையிலேயே கணக்கு போடுவோம். டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் உருளும். பின்னால் இருக்கும் மஸ்டா கிரவுனின் (டிஃபரென்ஷியல்) விகிதம் 4.10. சிடி009-ன் முதல் கியர் 3.794. எஞ்சினை 6,000 ஆர்பிஎம் வரை முறுக்கினாலும் வேகம் 46 கிலோமீட்டர்தான். டி56-ன் முதல் கியர் 2.66. அதே 6,000-ல் 66!

ரோட்டரி 8,000 வரை கத்திக்கொண்டே போகும் பிறவி, குட்டைக் கியர் அதற்குப் பிடிக்கும். வி8 அப்படியில்லை. கீழேயே யானை பலம், 6,000 தாண்டினால் மூச்சு வாங்கும். அதற்குக் குட்டைக் கியர் கொடுத்தால், சிக்னல் தாண்டுவதற்குள் கியர் போட்டே கை ஓய்ந்துவிடும். டாப் கியரையும் பாருங்கள். 100 கிலோமீட்டர் வேகத்தில் சிடி009 வைத்தால் எஞ்சின் 2,700-ல் சுற்றும். டி56-ன் ஆறாவது கியர் 0.50 என்பதால் 1,700-தான். வி8 குறட்டை விட்டுக்கொண்டே ஹைவேயில் போகும்!

சிடி009-ஐக் காப்பாற்றவும் வழி உண்டு: கிரவுனை 3.54-க்கு மாற்றலாம். ஆனால் எஞ்சினோடு சேரும் அதன் முன்பகுதி, அதாவது பெல் ஹவுசிங், பெட்டியோடு சேர்த்தே வார்த்தது. வேறு எஞ்சினில் மாட்ட அதை அறுத்தெறிந்துவிட்டு அடாப்டர் பிளேட் வைக்க வேண்டும். நல்ல கியர்பாக்ஸின் மேல் ரம்பம் இறங்குவதைப் பார்க்க மனசு தாங்காது, சாமி.

சரி, டி56-தான். முடிந்ததா? இங்கேதான் வேடிக்கை! பெயர் ஒன்று, ஜாதகம் வேறு வேறு. 1997 முதல் வந்த கார்வெட்டில் டி56 பின்சக்கரங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும், நமக்கு உதவாது. 1993–97 கமாரோவுடையதில் இன்புட் ஷாஃப்டும் கிளட்ச் முறையும் வேறு. பான்டியாக் ஜிடிஓவில் கியர் ராடு ரொம்பப் பின்னால் தள்ளி நிற்கும். நமக்கு வேண்டியது 1998–2002 கமாரோ, ஃபயர்பேர்டில் எல்எஸ்1-ஓடு வந்ததுதான்.

ரகசியம் ஒன்று, காதைக் கொடுங்கள். எஃப்டியில் கியர்பாக்ஸையும் கிரவுனையும் நீளமான ஒரு சட்டம் இணைக்கிறது. டி56 வந்தால் அந்தச் சட்டம் அவுட். அதையே நம்பியிருந்த கிரவுனின் மூக்கைப் பிடிக்க ஆள் இருக்காது! அதற்கும் தனி பிராக்கெட் வேண்டும். கியர்பாக்ஸை மட்டும் விலைபேசி வந்தவர்கள் தலையில் கைவைத்து உட்காரும் இடம் இதுதான்.

இன்னும் கிட்டே வாருங்கள். பெட்டியில் கவனிக்க வேண்டிய இரண்டு மின்சார பிளக்குகள். ஒன்று, மெதுவாக ஓட்டும்போது முதல் கியரிலிருந்து நேராக நாலாவதுக்குத் தள்ளிவிடும், பெட்ரோல் மிச்சம் பிடிப்பதற்காக. அதை இணைக்காமல் விட்டுவிடுகிறார்கள், ஒரே குஷி! இன்னொன்று ரிவர்ஸ் பூட்டு. இதை இணைக்க மறந்தால், வண்டியைப் பின்னால் எடுக்க ராடோடு மல்லுக்கட்ட வேண்டும்.

இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெல் ஹவுசிங்கின் மையம் சரியாக இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்கிறார்கள். முள் மொத்தமாக 0.13 மில்லிமீட்டருக்கு மேல் ஆடக் கூடாது. 50 கிலோவுக்கு மேல் கனக்கும் பெட்டிக்கு இரண்டு தலைமுடி அளவு சலுகை!

முள் அடங்கியது. எஞ்சினும் பெட்டியும் சேர்ந்து காரில் ஏறின. போல்ட் முறுக்கியாச்சு. காரைக் கீழே இறக்கியதும் முதல் வேலை என்ன தெரியுமா? எஞ்சினுக்கு இன்னும் வயரிங்கே ஆகவில்லை. சீட் கூடக் கிடையாது. ஒருத்தர் கவிழ்த்த பக்கெட்டைப் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு வலது கையை நீட்டுகிறார். கியர் ராடு உள்ளங்கையில் தானாக வந்து சேர்கிறது. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று போட்டுப் பார்க்கிறார், வாயாலேயே "டுர்ர்ர்" என்று சத்தம் கொடுத்தபடி. யாரும் சிரிக்கவில்லை. அடுத்த ஆள் பக்கெட்டுக்காகக் காத்திருக்கிறார்.