பாட்டியும் நெசவாளிதான்!

எங்கள் பாட்டி சென்ற ஆண்டு காலமானார். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். சமையலை முடித்த கையோடு ராட்டை முன் உட்கார்ந்து தார் சுற்றுவார்.

கோர்வைப் புடவை என்றால், உடலுக்கும் இரு கரைகளுக்கும் சேர்த்து மூன்று நாடா ஓட வேண்டும். ஒரு ஆளால் முடியாது. தாத்தா தறியில் உட்கார, பக்கத்திலிருந்து கரை நாடாவைத் தள்ளியவர் பாட்டிதான். காஞ்சிப் பட்டின் பெருமையே இந்தக் கோர்வைதானே! ஆனால், சங்க அட்டை, கூலிக் கணக்கு எல்லாம் தாத்தா பேரில்தான்.

1979-ல் அத்தி வரதரைத் தறி வேலைக்கு நடுவே ஓடிப் போய்ப் பார்த்தாராம். 2019-ல் நான் கைப்பிடித்து அழைத்துப் போனேன். கூட்டம் ஒரு நிமிஷம்கூட நிற்க விடவில்லை. ''அப்போ எனக்கு நேரமில்லே. இப்போ பெருமாளுக்கு நேரமில்லே,'' என்று சிரித்தார்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கும்போது, தாத்தா பெயரைப் போட்டு, 'அன்னாரின் மனைவி' என்று மட்டும் எழுதினர். என் அம்மா விடவில்லை. ''அறுபது வருஷம் தறி வேலை செஞ்சவங்க. 'நெசவாளர்'னு போடுங்க,'' என்றார். மாமாக்கள் முணுமுணுத்தாலும் அப்படியே அச்சாகி வந்தது.

அந்த ஒரு வார்த்தையை அவர் காதால் கேட்டதே இல்லை என்பதுதான் என் மனக்குறை.

சகோதரிகளே... உங்கள் வீட்டுப் பாட்டிமார் பார்த்த வேலையை, அவர்கள் இருக்கும்போதே நாலு பேர் முன் வாய் நிறையச் சொல்லுங்கள்!

– ஒரு வாசகி, காஞ்சிபுரம்.